ஒப்புக்குச் சப்பாணி

ராதிகா எதையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் கிடையாது. சின்னசேலம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் கேனுக்குக் கேன் கருவியை விட்டு, இதில் தண்ணி இருக்கு, இதில் இல்லை என்று சொல்வதுதான் பத்து வருசமாக அவள் வேலை. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாளா? கடைத் தேங்காயையும் ஆட்டிப் பார்ப்பாள், புருசன் சொல்கிற பதிலையும் ஆட்டிப் பார்ப்பாள். "நீ போலீஸ்ல சேந்திருக்க வேண்டியவ, வழி தவறி என் வூட்டுக்கு வந்துட்ட" என்பான் தீனதயாளன். அவனுக்கு மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை. பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் சுத்துப்பட்டு விவசாயிகள் அவனிடம்தான் வருவார்கள்.

தீபாவளி லீவுக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டும் மூன்று மாசமாக உயிரை எடுத்தன. பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் ரூம் சொல்லி, மணல் வீடு கட்ட வாளி, குட்டிக் கரண்டி, தண்ணீரில் மிதக்கிற காற்று வளையம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துப் புயல் சின்னம். கடற்கரைப் பக்கமே யாரும் போகக் கூடாது என்று டிவியில் ஓடியது. சின்னது அழுத அழுகையில் தெருவே எட்டிப் பார்த்தது. தீனதயாளன் யார் யாருக்கோ போன் போட்டு, கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வீட்டைப் பிடித்துவிட்டான்.

"கடல் இல்லன்னா இன்னா, மல இருக்குது. வண்டில ஏறுங்க."

மலையில் மட்டும் மழை பெய்யாதா என்று ராதிகா கேட்டாள். அவன் வண்டியில் ஏறி ஹாரனை அடித்தான்.

கோமுகி அணையைத் தாண்டி வளைவு ஏற ஆரம்பித்தபோதே பிடித்துக்கொண்டது மழை. வீட்டைப் போய்ச் சேரும்போது மத்தியானம் ரெண்டு மணி. பார்த்தால் ஆறு மணி மாதிரி இருந்தது. பழைய ஓட்டு வீடு. நீளமான கூடம், ரெண்டு பக்கமும் அறைகள், கடைசியில் ஜன்னலே இல்லாத ஒரு அறை. ஈரச் சுவர் வாசனையும், ரொம்ப நாள் மூடி வைத்த பெட்டியின் வாசனையும் சேர்ந்து அடித்தன. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தவள் சாலம்மாள். வீட்டைப் பார்த்துக்கொள்வதும், வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அவள்தான். பின்பக்கம் தள்ளி அவள் குடிசை இருந்தது.

"எத்தினி பேருங்க?"

"நாலு பேருக்கா. நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு."

"நாலு" என்றாள் சாலம்மாள், வாய்க்குள் போட்டு மென்றபடி. "சரிங்க. நீங்க சொன்னா நாலுதான்."

இதென்ன பேச்சு என்று ராதிகாவுக்கு அப்போதே சுருக்கென்றது. கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் போட்டுப் போட்டு எடுத்தாள்.

"வேற யாராச்சும் இந்த வூட்ல இருக்காங்களாக்கா?"

"வர்றவங்கதாங்க இருப்பாங்க."

மறுநாளும் மழை விடவில்லை. கரண்ட் போனது, போனில் டவர் போனது. மணல் வீடு கட்ட வாங்கிய வாளி, கூடத்தில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. நோட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டார்கள். சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடினார்கள். பாட்டுக்குப் பாட்டில் தீனதயாளன் ஒரே பாட்டை மூன்று தடவை பாடி மாட்டிக்கொண்டான். காற்று வளையத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் எல்லா ஆட்டமும் தீர்ந்துபோனது. அப்புறம் இருப்பது ஐஸ்பாய்தானே? ஒருத்தர் கண்ணை மூடி இருபது எண்ண, மற்றவர்கள் ஒளிய வேண்டியது. கண்டுபிடித்தால் பேரைச் சொல்லி, 'ஐஸ்' என்று கத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும்போதே சண்டை. சண்டைக்குக் காரணம் சின்னவள் செந்தமிழ்ச்செல்வி. அஞ்சு வயசு. வீட்டில் எந்த ஆட்டம் ஆடினாலும் அவள் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடித்தாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் ஜெயிப்பு இல்லை. ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இருக்க மாட்டாள். அண்ணனோ அக்காவோ உள்ள எந்தக் கடைக்குட்டிக்கும் இது தெரியும். 'நான்?' என்று கேட்டால் எல்லாரும், 'ஆங், நீயும்தான்' என்று கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள்.

"நா ஒப்புக்கு இல்ல!" என்று தரையில் காலை உதைத்தாள் செல்வி. "என்ன நெசமா சேத்துக்கங்க!"

"அப்ப யாரு ஒப்புக்கு?" என்றான் பெரியவன் தமிழ்வேந்தன். பத்து வயசு; சட்டதிட்டம் எல்லாம் அவனுடையதுதான். "எப்பவும் ஒருத்தர் ஒப்புக்கு இருக்கணும்ல? அதான ரூலு?"

ராதிகாவுக்குத் தலை வலித்தது. ரெண்டு நாள் மழைச் சத்தம், இந்தச் சண்டை வேறு. காலியான கூடத்தைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"ஏம்பா, யாருப்பா ஒப்புக்கு வர்றது? யாரா இருந்தாலும் வாங்க, வந்து ஆடுங்க! போதுமாடா? ஆள் வந்தாச்சு. செல்வி ஆட்டத்துல சேத்தி."

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி அறையின் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தாள். எதையும் ஆட்டிப் பார்க்கிறவள், அதை மட்டும் ஆட்டிப் பார்க்கவில்லை.

முதலில் வேந்தன் எண்ணினான். மூன்று பேரையும் கண்டுபிடித்துவிட்டு வந்து, முகத்தைச் சுளித்தான்.

"அம்மா, மொதல்ல கடைசி ரூமுல கட்டிலுக்கு அடில நீதான கால நீட்டிக்கினு கெடந்த?"

"நான் பீரோ பின்னாடியேதான் இருந்தேன்டா."

தீனதயாளனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். சாலம்மாள் மேல் சந்தேகம் வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மழைக்கு அந்தப் பக்கம், குடிசை வாசலில் சாலம்மாள் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

அடுத்து ராதிகாவின் முறை. சுவரில் நெற்றியை வைத்து இருபது எண்ணினாள். கண்ணைத் திறந்தபோது மழைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. கதவு இடுக்கில் புருசன், அவன் தொப்பையே காட்டிக்கொடுத்தது. சமையல் மேடைக்குக் கீழே வேந்தன். இன்னும் ஒருத்திதான் பாக்கி. கடைசி அறைக்குப் போனாள். கட்டில் மேல் கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு சின்ன மேடு. உள்ளே மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ராதிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேட்டின் மேல் கையை வைத்தாள்.

"செல்வி ஐஸ்!"

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

சில்லென்று இருந்தது. நனைந்திருந்தது.

"அம்மா."

குரல் முதுகுப் பக்கமிருந்து வந்தது. திரும்பினாள். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து செல்வி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நா இங்க இருக்கேனே. நீ யாரும்மா புடிச்ச?"

விரலைப் பிடித்த பிடி தளர்ந்தது. கம்பளி, உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி, மெதுவாகப் படிந்தது.

ராதிகா போட்ட சத்தத்தில் தீனதயாளன் ஓடி வந்தான். கம்பளியை உதறினான், மெத்தையைத் தொட்டுப் பார்த்தான். "மேல ஓடு ஒழுவுது. ஈரத்துல கைய வெச்சிட்டு ஊர கூட்டுற" என்று சிரித்தான். மேலே பார்த்தாள். ஓடு காய்ந்திருந்தது.

"பேர மாத்திச் சொல்லிட்டம்மா. மறுபடியும் நீதான் எண்ணணும்" என்றான் வேந்தன்.

"ஆட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம். கூடத்துக்கு வாங்க எல்லாரும்."

சாலம்மாள் வெந்த கிழங்கும் வெல்லமும் கொண்டுவந்து வைத்தாள். நாலு தட்டு. தீனதயாளன் பிரித்துக் கொடுத்தான்.

"வேந்தா, இந்தா. ராதிகா, புடி. செல்வி, ஊதித் தின்னு, சூடு."

செல்விக்கான தட்டை அவன் பாயில் வைத்தான். பாயில் யாரும் இல்லை. செல்வி அவனுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எனக்கு?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். சிரித்தான். கன்னத்தைத் தட்டினான்.

"ஆங், நீயும்தான்."

திரும்பிக்கொண்டு தன் கிழங்கைத் தின்ன ஆரம்பித்தான்.

"விளையாடாதீங்க" என்றாள் ராதிகா. "கொழந்தைக்குக் குடுங்க."

"குடுத்துட்டேனே. தின்னுக்கினு இருக்காளே."

இவன் கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்பனும் மகனும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். வேந்தன் கண்ணை உற்றுப் பார்த்தாள். அவன் பாயில் இருக்கிற காலி இடத்தைப் பார்த்து, "வெல்லத்த எல்லாம் நீயே எடுக்காதடி" என்று அதட்டிக்கொண்டிருந்தான். நடிக்கிற முகம் இல்லை அது.

பாயிலிருந்த தட்டில் கிழங்கு குறைந்திருந்தது.

"அக்கா!" செல்வியைத் தோளோடு பிடித்துச் சாலம்மாள் முன்னால் நிறுத்தினாள். "நாங்க எத்தினி பேரு இருக்கோம்?"

"நாலு பேருங்க. நீங்கதான சொன்னீங்க."

"அப்ப இது யாரு?"

சாலம்மாள் குழந்தையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி, அன்பாகத்தான் பார்த்தாள்.

"அது பாட்டுக்கு இருக்குது. வுடுங்கம்மா."

கிளம்பலாம், இந்த நிமிசமே கிளம்பலாம் என்று ராதிகா பைக்குள் துணிகளைத் திணித்தாள். புருசன் சட்டை, வேந்தன் சட்டை, தன் புடவை. ஜிப்பை இழுத்தாள். எல்லாம் எடுத்தாச்சு, நாலு பேரும் ரெடி என்று மனசு நிம்மதியாகச் சொன்னது. நிமிர்ந்தாள். மூலையில் ஒரு பெண் குழந்தை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. யார் வீட்டுக் குழந்தை இது, பாவம், என்று நினைத்தாள்.

ஒரு மூச்சு நேரம்தான் அது.

"ஐயோ!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள். பெற்றவளுக்கே மறந்துபோகிறது. இந்த மலையை விட்டு இறங்குவதற்குள் முழுசாக மறந்துபோனால்? காரில் ஏற்ற மறந்துவிட்டுப் போனால்? பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், வீட்டில், எங்கேயும் இவள் ஒருத்தி இல்லாமல் போனால்? இவளுடைய பேரை எடுத்து எதற்கோ கொடுத்துவிட்டது தன் வாய்தான்.

"வேந்தா. பேர மாத்திச் சொல்லிட்டா இன்னா ரூலு?"

"மறுபடியும் எண்ணிட்டு, சரியாச் சொல்லணும். ஒரு வாட்டிதான் சான்ஸு."

செல்வியின் காதோடு சொன்னாள்: "போயி ஒளிஞ்சிக்க கண்ணு. அம்மா கண்டுபுடிக்கிறேன்." அந்தக் குட்டிக் கையை விடுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுவரில் நெற்றியை வைத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கூடத்தில் குட்டிப் பாதங்கள் ஓடின. பின்னாலேயே இன்னொரு ஜோடிப் பாதங்கள் ஓடின. அவை ஈரமாகச் சப்சப்பென்று ஒட்டி ஒட்டி எழும்பின.

இருபது.

எங்கே போக வேண்டும் என்று தெரியும். கடைசி அறையில் இருட்டு அப்பிக் கிடந்தது. டார்ச் எரியவில்லை. வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அம்மா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து.

"அம்மா" என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து.

ஒரே குரல். ஒரே பயம். ஒரே தேம்பல்.

"செல்வி, உங்க மிஸ் பேரு இன்னா?"

"ராணி மிஸ்ஸு" என்றன இரண்டும், சேர்ந்து.

"முந்தாநேத்து எதுக்கு அழுத?"

"கடலு வேணும்னு."

குனிந்து மோந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் அதே தேங்காய் எண்ணெய், அதே பவுடர். பத்து வருசம் எத்தனை கேன் பாலைப் பார்த்திருப்பாள்! ஒரு துளி தண்ணி கலந்தாலும் பிடித்துவிடுகிறவளுக்கு, பெற்ற பிள்ளையைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திரை என்று தோன்றியது. உடனே, அப்படித் தோன்றுவதற்குத்தானே அது அங்கே நிற்கும் என்றும் தோன்றியது. கட்டில் என்று நினைத்தாள். அதையும் நம்ப முடியவில்லை. வாய் திறந்தால் ஒரே வார்த்தை. அது தப்பினால் பிள்ளை போயிற்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. எப்பவும் ஒருத்தர் ஒப்புக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதானே?

"நான் யாரையும் புடிக்கல" என்றாள் இருட்டைப் பார்த்து. "செல்வியும் சேத்தி. நீ யாரா இருந்தாலும் நீயும் சேத்தி. நான் ஒப்புக்கு இருந்துக்கறேன். எம் பொண்ண வுட்டுடு."

மழை நின்றுபோன மாதிரி இருந்தது.

கட்டிலுக்கு அடியில் எதுவோ நகர்ந்தது.

"நெசமாவா?"

அது குழந்தைக் குரல் இல்லை. பெரிய பொம்பளைக் குரல். எங்கேயோ கேட்ட குரல் என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது, அது அவளுடைய குரல்.

"நெசம்தான்" என்றாள் ராதிகா.

திரை விலகியது. செல்வி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சூடான, மூக்கு ஒழுகுகிற, சொந்தப் பிள்ளை. கூடத்திலிருந்து தீனதயாளன் கத்தினான்: "செல்வி! எங்கடி போயிட்ட? கெழங்கு ஆறிப்போவுது, வா!" குழந்தை ஓடியது. அவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். வேந்தன் அவள் ஜடையைப் பிடித்து இழுத்தான். அதைக் கதவோரம் நின்று பார்த்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போதும் சாமி, இது போதும் என்று கும்பிட்டுக்கொண்டாள்.

அஞ்சு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிட்டது. எதற்கு இந்த அவசரம் என்று தீனதயாளன் கேட்கவேயில்லை. சாலம்மாள் வாசலில் நின்று காருக்குள் பார்த்தாள். "நாலு பேரும் பத்திரமாப் போங்க" என்றாள்.

ராதிகா பின்சீட்டில் உட்கார்ந்து செல்வியை மடியில் வைத்துக்கொண்டாள். இன்று ஒரு நாளைக்கு இந்தப் பிள்ளையைக் கையை விட்டு இறக்குவதாக இல்லை. பக்கத்தில் வேந்தன் தூங்கி விழுந்தான். வளைவு வளைவாக மழை கழன்றுகொண்டே வந்தது. கச்சிராயபாளையத்து வெளிச்சம் கீழே தெரிந்தபோது அவளுக்கு மூச்சே அப்போதுதான் திரும்பியது. என்ன பெரிய ஒப்புக்கு, மழையில் பயந்துபோய் நானே என்னென்னவோ நினைத்துக்கொண்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டிங். டிங். டிங்.

சீட் பெல்ட் போடாவிட்டால் வண்டி அடிக்கிற மணி. தீனதயாளன் பெல்ட் போட்டுத்தான் இருந்தான். அவனுக்குப் பக்கத்து சீட் காலி.

"ராதிகா, பெல்ட்டப் போடேன். காது போவுது" என்றான் அவன், பக்கத்து சீட்டைப் பார்த்து.

"ஏங்க, நான் பின்னாடி இருக்கேன்."

கண்ணாடியில் அவன் கண் அவளைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. அன்பாகச் சிரித்தது.

"ஆங், நீயும்தான்."

டிங். டிங்.

காலி சீட்டின் ஓரத்தில் பெல்ட் தானாக நீண்டது. நிதானமாக, அவசரமே இல்லாமல், குறுக்கே வந்தது.

க்ளிக்.

மணி நின்றது. மடியிலிருந்த செல்வி திரும்பி ராதிகாவின் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் இடம் கொடுத்த யாரோ ஒரு அக்காவைப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். பிறகு மடியிலிருந்து வழுக்கி இறங்கி, ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டினாள்.

"அம்மா, நா உன் மடில வந்து உக்காரட்டா?"

"வாடி கண்ணு" என்றது முன்சீட்டிலிருந்து ராதிகாவின் குரல்.

பின்சீட்டில் ராதிகா வாயே திறக்கவில்லை.